என் துவக்குக்குப் பிடித்த ரவை

துவக்கு லைசென்ஸ் விண்ணப்பத்தில் கணவனோ மனைவியோ கையெழுத்து வைப்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் நிரப்பி, பயிற்சி வகுப்பின் சான்றிதழையும் சேர்த்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, சாப்பாட்டு மேசையில் என் கணவரின் முன்னால் வைத்தேன். அவர் மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொன்ரெய்னர் லொறி ஓட்டுபவர். விடியவே போய், பின்னேரம் வந்து, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படிவத்தின் தலைப்பை வாசித்ததும் குழைத்த கையை அப்படியே நிறுத்தினார்.

“இது என்னத்துக்கு?”

“குறி பாத்துச் சுட. கிளப்பிலை. கடதாசியைத்தான் சுடுறது.”

“எங்கடை வீட்டுக்குள்ளை துவக்கோ? உமக்கென்ன விசரே?”

அவர் அப்படிக் கேட்டதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய அண்ணன் ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது ஒரே ஒரு ரவை பட்டு இறந்தவர். சுட்டது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. நானும் அதே காலத்தில் அதே ஊர்ப்பக்கம் வளர்ந்தவள்தான். வெடி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகியிருந்தேன். ஆனால் அந்த நாட்களில் ஒரு துவக்கைக்கூட நான் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்த துவக்குகள் எல்லாம் வேறு யாருடையவோ கையில், எங்களைப் பார்த்தபடி இருந்தவை.

“வையுங்கோ எண்டு நான் கெஞ்ச மாட்டன்,” என்றேன். “நீங்கள் வைக்காட்டி லைசென்ஸ் குடுக்கிறவையள் உங்களோடை கதைப்பினம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அவையளுக்குச் சொல்லுங்கோ.”

மூன்று கிழமை அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்து, கையெழுத்து வைத்தார். பிறகு சொன்னார்: “துவக்குப் பெட்டியின்ரை திறப்பு உம்மோடை இருக்கட்டும். என்ரை கண்ணிலை அது படக்கூடாது.”

நான் ஒப்புக்கொண்டேன்.

இந்த ஆசை எனக்கு வேலையிடத்தில்தான் பிடித்தது. நான் வேலை செய்வது ஒரு மருந்துக் குளிசைத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அதே தொழிற்சாலையில் குளிசை அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கினேன். அந்த அடுக்கல் என் வலது மணிக்கட்டின் நரம்பை நெரித்து, ஒரு சத்திர சிகிச்சையில் கொண்டுபோய் விட்டது. அதன் பிறகு பிரெஞ்சை ஒழுங்காகப் படித்துச் சோதனை எழுதி, கையால் அடுக்குகிறவர்களைக் கண்ணால் சோதிக்கிற இடத்துக்கு மாறினேன். அங்கே இயந்திரங்களைத் திருத்தும் மெக்கானிக் ஒரு கியூபெக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். சனிக்கிழமைகளில் துவக்குச் சுடுவதாக ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். “நீயும் வா. உனக்குத்தான் ஒரு சின்னப் பிழையும் தப்பாதே,” என்றாள். போனேன்.

கிளப் ஆற்றின் தென்கரையில், புரோசார்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே ஒரு மணி நேர ஓட்டம். இரண்டு பக்கமும் சோளவயல். முன்பு மணல் அள்ளிய ஒரு பெரிய பள்ளம். அதன் மறுகரைதான் சுடுகிற திசை. அவள் தன்னுடைய சின்ன ரகத் துவக்கைத் தந்தாள், பொயின்ற் இருபத்திரண்டு என்ற அளவு ரவை போடுவது. பத்து ரவை சுட்டேன். மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருமுன் இருக்கும் அந்தச் சிறிய அமைதியில் விசையை அழுத்த வேண்டும். அந்த அமைதி எனக்கு முதல்நாளே பிடிபட்டுவிட்டது. கடதாசியை எடுத்துப் பார்த்தவள் விசிலடித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. என்னால் முடிகிற வேலை என்று விரல் சொன்னது.

நான் வாங்கியது அதே இருபத்திரண்டு அளவு ரவைக்கான செமி ஓட்டோமற்றிக் துவக்கு. தடைப்பட்டியலில் இல்லாத ரகம்தானா என்று இரண்டு தரம் சரிபார்த்து, மாகாணத்தின் பதிவிலக்கமும் எடுத்தேன். ஒருமுறை சுட்டதும் அதுவே ரவையின் வெறுங்கோதை வெளியே தள்ளி அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும். மற்ற ரகத்தில் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டும். நாற்பதுதரம் அப்படிச் செய்தால் என் மணிக்கட்டு அன்றிரவு தேநீர்க் கோப்பையைத் தூக்காது.

கிளப்பில் இருந்த ஆண்களுக்கு இது பிடிபடவில்லை. முக்கியமாக ஒருவருக்கு. கூரை போடும் ஒப்பந்தக்காரர், நல்ல மனிதர், எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தருவார். ஆனால் கேட்காமலே விளக்கம் சொல்வார்.

“மதாம், செமி எண்டால் தகரப்பேணி சுடத்தான் சரி,” என்றார் பிரெஞ்சில். “துல்லியம் வேணுமெண்டால் போல்ட்தான்.”

முதல் மாதம் அவர் சொன்னது சரி போலத்தான் தெரிந்தது. ஐம்பது மீற்றரில் ஐந்து ரவை சுட்டால், ஐந்தும் ஒரு தேநீர்த் தட்டின் அகலத்துக்குச் சிதறின. மெக்கானிக்கின் துவக்கில் பெரிய நாணயத்துக்குள் அடித்தவள் நான். அப்படியானால் கை மாறவில்லை, கண் மாறவில்லை. மீதி இருந்தது துவக்கும் ரவையும். துவக்கை மாற்ற முடியாது. கடையில் மலிவாக, வாளி வாளியாக விற்கும் ரவையைத்தான் அதுவரை போட்டுக்கொண்டிருந்தேன்.

ரவையை வீட்டில் தாங்களே நிரப்புகிறவர்கள் உண்டு. இருபத்திரண்டுக்கு அது சரிவராது. தொழிற்சாலையில் செய்து வருவதில்தான் தேட வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு ரவை பிடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எது பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். கூரைக்காரர் தன் பர்சிலிருந்து நான்காக மடித்த ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினார். ஐந்து ஓட்டையும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து ஒரே ஓட்டையாக இருந்தது.

“இதுதான் என்ரை ரவை. பாருங்கோ.”

“இது எப்ப சுட்டது?”

“நாலு வருசத்துக்கு முதல்.”

“அதுக்குப் பிறகு சுட்டதுகள் எங்கை?”

சிரித்தார். மற்றக் கடதாசிகளை எல்லாம் எறிந்துவிட்டாராம்.

என்னுடைய வேலையில் ஒரு நல்ல குளிசையைக் காட்டி ஒரு இலட்சம் குளிசையை யாரும் வெளியே அனுப்ப முடியாது. எட்டு வகை ரவையில் ஒவ்வொரு பெட்டி வாங்கினேன். மலிந்தது, நடுத்தரம், போட்டிக்கென்றே செய்த விலை கூடியது, வேகமாகப் போவது, மெதுவாகப் போவது எல்லாம் அதில் இருந்தன. தினம் பார்க்கும் வேலையைப் போலவே ஒரு கொப்பியில் கோடு போட்டேன். ஒவ்வொரு வகையிலும் முதல் பத்து ரவை கணக்கில் இல்லை. ஒவ்வொரு ரவையிலும் வேறு வேறு மெழுகு பூசியிருப்பார்கள். குழாய்க்குள் பழைய மெழுகு போய்ப் புதியது படிய அவ்வளவு வேண்டும். பிறகு ஐந்து ஐந்தாக ஐந்து தொகுதி. மண்மூட்டையில் துவக்கை வைத்து, காற்று அடித்தால் நிறுத்தி, ஒவ்வொரு தொகுதியிலும் மிகத் தூரமான இரண்டு ஓட்டைகளுக்கு இடையே வேணியர் இடுக்கியால் அளந்து, ஐந்தின் சராசரியை எழுதினேன். நல்ல தொகுதியை மட்டும் எடுத்து வைக்கவும் இல்லை, கெட்டதை எறியவும் இல்லை.

இது முடிய ஐந்து சனிக்கிழமை பிடித்தது. கிளப்பில் என்னை ‘கணக்காளர்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மெக்கானிக் என் பக்கத்து மேசையில் இருந்து சுட்டுக்கொண்டே, “இன்றைக்கு யார் பெயில்?” என்று கேட்பாள்.

பலதும் பெயில். வேகமான ரவைகள் சிதறின. எல்லாவற்றிலும் மெதுவானது, தானாக இயங்கும் போல்ட்டை முழுக்கப் பின்னால் தள்ளப் போதாமல், வெறுங்கோதைக் கதவிடுக்கில் விரல் அகப்பட்டதுபோல நிறுத்திவைத்தது. விலை கூடிய போட்டி ரவையில் நான் நிறைய நம்பிக்கை வைத்திருந்தேன். நான்கு ரவை ஒரே இடத்தில் விழும், ஐந்தாவது எங்கோ போகும். ஏன் என்று பார்க்க, ரவை அடுக்கும் மகசினிலிருந்து ஏறிய ஒன்றைச் சுடாமல் வெளியே எடுத்தேன். ஈயத்தின் மூக்கில் ஒரு கீறல். அந்த ரவை கையால் மெல்ல ஏற்றுவதற்குச் செய்த மெத்தென்ற ரவை. என் துவக்கோ அதை அடித்து ஏற்றுகிறது. துவக்கிலும் குற்றம் இல்லை, ரவையிலும் குற்றம் இல்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

ஆறாவது பெட்டி நடுத்தர விலை. வெளித்தோற்றத்தில் ஒரு சிறப்பும் இல்லாத, சாம்பல் நிறப் பெட்டி. ஒருமுறைகூடச் சிக்கவில்லை. ஐந்து தொகுதியின் சராசரி பதினேழு மில்லிமீற்றர். மிக மோசமான தொகுதியே இருபதுதான். கூரைக்காரர் என் கொப்பியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அடுத்த கிழமையே கடைக்குப் போய் அதே சாம்பல் பெட்டியில் பத்து வாங்கினேன். செப்ரெம்பர் மாதம் கிளப்பில் ஒரு போட்டி. எனக்கு இனி ரவைக் கவலை இல்லை என்று நினைத்தேன்.

புதிய பெட்டியின் முதல் தொகுதி முப்பத்தொரு மில்லிமீற்றர். இரண்டாவது இருபத்தெட்டு. சராசரி இருபத்தொன்பதில் வந்து நின்றது.

“குழாய் ஊத்தை பிடிச்சிருக்கும்,” என்றார் ஒருவர். “களைச்சுப் போனீங்கள்,” என்றார் இன்னொருவர். கூரைக்காரர் மட்டும் என் தோளில் தட்டி, “செமிதானே, மதாம்,” என்றார்.

பழைய பெட்டியில் பத்து ரவை மிச்சம் இருந்தது. அதை எடுத்து, அதே மேசையில், அதே வெயிலில், அதே களைப்போடு சுட்டேன். பதினெட்டு, பதினாறு. ஆகவே கை சரி, குழாய் சரி. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூடியின் உள்மடிப்பைத் திறந்தேன். மங்கலான மையில் அடித்த லொட் இலக்கம். பழையதில் ஒன்று, புதியதில் வேறொன்று.

எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே மருந்து, ஒரே பெட்டி, ஒரே இயந்திரம். ஆனாலும் ஒவ்வொரு முறை செய்யும்போதும் அது ஒரு தனி லொட். ஒன்று தேறும், மற்றது தேறாது. தரக்கட்டுப்பாட்டில் இத்தனை வருடமாக நான் சம்பளம் வாங்குவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ரவை என்றதும் அதை மறந்துபோயிருந்தேன்.

இனித் தேட வேண்டியது அந்தப் பழைய லொட்டில் மீதி எங்கே இருக்கிறது என்பது. அன்று பின்னேரம் வீட்டில் இருந்து ஒவ்வொரு கடையாகப் போனில் கூப்பிட்டேன். சிலர் பொறுமையாகப் போய்ப் பார்த்தார்கள். சிலர், “மதாம், ரவை ரவைதான்,” என்று வைத்துவிட்டார்கள். லாவலில் இருந்த கடைக்கு நேரில் போனேன். அங்கே இருந்தது பெயிலான லொட். நான் போனில் கதைத்த நேரமெல்லாம் என் கணவர் சோபாவில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொருவருக்கும் அந்த இலக்கத்தைப் பிரெஞ்சில் உரத்துச் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். துவக்கைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை என்பதுதான் வழக்கமாகியிருந்தது.

பத்து நாள் கழித்து, நான் வேலையில் இருக்கும்போது கைபேசி அடித்தது. கணவர். வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடமாட்டார். விபத்தோ என்று நினைத்தபடி எடுத்தேன்.

“இஞ்சேரும், உம்மடை நம்பர் கடைசியிலை ஏழு ஏழு மூண்டோ, ஏழு ஏழு எட்டோ?”

“என்ன நம்பர்?”

“அந்தச் சாம்பல் பெட்டி நம்பர்.”

“மூண்டு,” என்றேன்.

“அப்ப இஞ்சை பதினாலு பெட்டி கிடக்கு. கீழ்த்தட்டிலை, பின்னுக்கு. மூண்டு, எட்டு மாதிரி அடிச்சிருக்கிறாங்கள். நான் முழங்காலிலை இருந்துதான் பாத்தனான்.”

கியூபெக் நகரத்துக்குக் கொன்ரெய்னர் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், பெருந்தெருவிலிருந்து விலகி, ஒரு சிறிய ஊரின் வேட்டைச் சாமான் கடை முன்னால் லொறியை நிறுத்தியிருக்கிறார். நாள் முழுக்கக் கொன்ரெய்னர் இலக்கம் வாசிக்கிற மனிதர். ஒருமுறை காதில் விழுந்த இலக்கம் அவருக்கு லேசில் மறவாது. ஆனால் அந்தக் கடைக்குள், சுவர் நிறையத் துவக்கு மாட்டியிருக்கும் ஒரு இடத்துக்குள், அவர் தானாகவே நடந்து போனதுதான் எனக்கு நம்பமுடியாமல் இருந்தது.

“நீங்கள் உள்ளுக்குப் போனீங்களோ?”

“போகாமல் எப்பிடி வாசிக்கிறது? எனக்கு லைசென்ஸ் இல்லாமல் தரமாட்டானாம். சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கச் சொன்னனான். மனிசி வருவா எண்டனான்.”

சனிக்கிழமை இருவரும் போனோம். ட்றம்மன்வில் தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “நீர் போனிலை அவங்களோடை கதைக்கேக்கை, லொட் லொட் எண்டு சண்டை பிடிச்சீர். ஒருத்தனும் கேக்கேல்லை. எனக்குக் கோபம் வந்திட்டுது.”

“ஆரிலை கோபம்?”

“அவங்களிலைதான். நீர் பிழையாச் சொல்லுற ஆளில்லை.”

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முப்பது வருடக் கலியாணத்தில் அவர் என்னைப் பாராட்டிய தடவைகளை ஒரு கையில் எண்ணலாம்.

கடைக்காரர் பதினான்கு பெட்டியையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். என் லைசென்ஸைப் பார்த்தார். நான் ஒவ்வொரு மூடியையும் திறந்து இலக்கத்தை வாசிக்க, என் கணவரும் பக்கத்தில் நின்று இரண்டாம் தரம் வாசித்தார். ஒன்று மட்டும் எட்டில் முடிந்தது. அதை நான் திருப்பிக் கொடுத்தேன்.

போட்டியன்று காலையில், “நானே ஓடுறன், உமக்குக் கை பதறக்கூடாது,” என்று கார் திறப்பை அவர் எடுத்தார். காருக்குள் இருக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மேசையில் என் துவக்கை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால், பார்வையாளர் கம்பிவேலிக்குப் பின்னால், மெக்கானிக் கொடுத்த காதுமூடியை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கட்டளை பிரெஞ்சில் வந்தது. வரிசையில் இருந்த பதினெட்டுப் பேரும் சுடத் தொடங்கினோம். முதல் ரவையை அனுப்பிவிட்டு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார். எழும்பிப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்து, என்னைக் கண்டு, தலையால் முன்னால் காட்டினார். ‘நீர் சுடும்’ என்பதுபோல.

நாற்பது ரவை. மூச்சை விட்டேன், அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றும் எங்கோ போகவில்லை. இருபத்தாறாவது ரவை வலப்பக்கம் கொஞ்சம் விலகியது. அது நான் விசையை இழுத்த பிழை, ரவையின் பிழை இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

செமி வகுப்பில் முதலாவது நான். எல்லா வகுப்பையும் சேர்த்தால் மூன்றாவது. கூரைக்காரர் ஐந்தாவது. கோப்பியோடு வந்து, எந்த லொட் என்று கேட்டார். சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லை, அவருடைய குழாய்க்கு வேறு ஒன்றுதான் பிடிக்கும். வேண்டுமானால் எப்படித் தேடுவது என்று காட்டித்தருகிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை ஒரு புதுக் கொப்பியோடு வந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, மொன்றியல் பாலத்துக்குப் போகிற வாகனங்களால் ரோட்டில் நெரிசல். கணவர் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார்: “அது வேறை சத்தம், என்னப்பா.”

“எப்பிடி வேறை?”

“அண்ணைக்கு யாழ்ப்பாணத்திலை நடந்ததை நான் பாக்கேல்லை. சத்தம் மட்டும்தான் கேட்டனான், வீட்டுக்குள்ளை இருந்து. இவ்வளவு காலமும் எந்தச் சத்தம் கேட்டாலும் அதுதான். இண்டைக்கு முதல் ரவைக்கு அதுதான் கேட்டது. பேந்து பேந்து, நீர் சுடுற சத்தம் எண்டு பிரிச்சுக் கேட்டுது. மற்ற ஆக்களைவிட நீர் ஆறுதலாச் சுடுறீர்.”

அவர் மீண்டும் கிளப்புக்கு வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் துவக்குப் பெட்டியைக் காரில் ஏற்றும்போது முன்போல் உள்ளே போய்விடுவதில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இந்த இளவேனிலில் அந்த லொட் முடிந்துவிட்டது. ரவை செய்யும் தொழிற்சாலை இனி அதைச் செய்யப்போவதில்லை, செய்யவும் முடியாது. சாம்பல் பெட்டியில் நான்கு புதிய லொட்டும், கேள்விப்பட்ட வேறு இரண்டு வகையும் வாங்கி, கொப்பியில் கோடு போட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை முதலாவதைச் சுட்டேன். இருபத்தாறு மில்லிமீற்றர். பெயில் என்று எழுதிவிட்டு, குழாயைத் துடைத்து, இரண்டாவது பெட்டியைத் திறந்தேன்.